ஃபோனோடு சிங்க் ஆகும் காலண்டர், காண்டாக்ட், குறிப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் யார் புது ஃபோன் வாங்கினாலும், பழையதில் இருப்பதை மாற்றிக் கொடுக்கும் வேலை என் தலையில்தான் விழும். அப்போதெல்லாம் வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டுக்கும் பெரும்பாலும் பொருந்தும். பொருந்தாத இடத்தில் சொல்லிவிடுகிறேன். சிங்க் என்றால், ஒரு சாதனத்தில் மாற்றியது மற்றதிலும் தானாக மாறி, எல்லாம் ஒரே மாதிரி இருப்பது.

ஃபோனோடு காலண்டரும் காண்டாக்ட்டும் சேர்ந்தேதான் வருகிறது. இதில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது?

எந்தக் கணக்கில் சேமிக்கிறீர்கள் என்பதைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். செயலி எதுவானாலும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம்.

என் சித்தப்பா ஆயுள் காப்பீட்டு முகவர். புது எண் ஒன்றைச் சேமிக்கும்போது ஃபோன், 'எங்கே சேமிக்க?' என்று கேட்டு கூகுள், ஃபோன், சிம் என்று மூன்று இடம் காட்டும். அவர் முதல் நாளே 'ஃபோன்' என்பதைத் தொட்டுவிட்டார். ஃபோனில் இருக்கும் எண் ஃபோனில்தானே இருக்க வேண்டும் என்பது அவர் நியாயம். மூன்று வருடம் கழித்து ஒரு மழையில் அந்த ஃபோன் நனைந்து செத்தது. புது ஃபோனில் அவருடைய கூகுள் கணக்கைத் திறந்தால் 11 எண்கள் வந்தன. மீதி சுமார் 600 எண்கள் செத்த ஃபோனோடு போய்விட்டன. அப்புறம் பாலிசிதாரர் எண்களைப் பழைய டைரிகளைக் கூடத்தில் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஏற்றினார். சித்தி, "அந்த டைரியெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போடச் சொல்லிக்கொண்டே இருந்தேன், நல்லவேளை போடவில்லை" என்றார்.

இப்போதே காண்டாக்ட் செயலியின் அமைப்புகளுக்குப் போய், புது எண் எந்தக் கணக்கில் சேமிக்கப்படுகிறது என்று பார்த்துவிடுங்கள். சிம் வேண்டவே வேண்டாம். பெரும்பாலான சிம்களில் 250 எண்கள்தான் கொள்ளும். ஒரு பெயருக்கு ஒரு எண், முகவரி கிடையாது. தமிழில் எழுதினால் பெயருக்கான இடம் இன்னும் சுருங்கும்.

சிங்க் என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது?

இதைப் புரிந்துகொள்ளப் பழைய பாம் பைலட்டைப் பார்ப்பதுதான் சுலபம். 1996-ல் வந்த கையடக்கச் சாதனம். 1000 என்ற மாடலில் நினைவகம் வெறும் 128 கிலோபைட். காலண்டர், முகவரி, செய்ய வேண்டியவை, குறிப்பு என்று நான்குக்கும் கீழே நான்கு பொத்தான்கள். கூடவே ஒரு தொட்டில் தருவார்கள். கம்ப்யூட்டரோடு வயரில் இணைந்த அந்தத் தொட்டிலில் சாதனத்தைச் செருகி ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால், இந்தப் பக்கம் மாறியது அந்தப் பக்கமும், அந்தப் பக்கம் மாறியது இந்தப் பக்கமும் போய்ச் சேரும். ஹாட்சிங்க் என்று பெயர்.

ஒரே பதிவை இரண்டு பக்கமும் மாற்றியிருந்தால்? பாம் இரண்டையுமே வைத்துக்கொள்ளும். எது வேண்டும் என்று நீங்களே பார்த்து ஒன்றை அழிக்க வேண்டும். ஒன்றை அழிக்கும்போதும், 'கம்ப்யூட்டரில் ஒரு பிரதி வைக்கட்டுமா?' என்று கேட்கும். அந்த மரியாதை இன்றைய செயலிகள் பலவற்றில் இல்லை.

இப்போது தொட்டிலின் இடத்தில் இணையமும் ஒரு சர்வரும், அதாவது உங்கள் தரவை வைத்திருக்கும் தூரத்துக் கம்ப்யூட்டரும். காலண்டர்களை சிங்க் செய்வதற்கான கேல்டாவ் என்ற பொது முறையில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பதிப்பு அடையாளம் உண்டு. ஃபோன் ஒரு பதிவை மாற்றி அனுப்பும்போது, 'இந்தப் பதிப்பைத்தான் மாற்றுகிறேன்' என்று அதையும் சேர்த்துச் சொல்லும். அதற்குள் சர்வரில் அது வேறாகிவிட்டிருந்தால் சர்வர் வாங்க மறுக்கும். அப்புறம் எது நிற்க வேண்டும் என்பதைச் செயலி முடிவு செய்கிறது. சில செயலிகளில் சர்வரில் இருப்பதே ஜெயிக்கும், உங்கள் திருத்தம் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

சரி, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

வெளியேறும் கதவு எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அழகு, நிறம், விட்ஜெட் எல்லாம் அப்புறம்.

வுண்டர்லிஸ்ட் என்று ஒரு பணிப்பட்டியல் செயலி இருந்தது. நிறையப் பேருக்குப் பிடித்தது, எனக்கும்தான். 2015-ல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது, 2020 மே மாதம் மூடியது. தரவை மைக்ரோசாஃப்ட் டூ டூவுக்கு மாற்றிக்கொள்ள வழி தந்தார்கள், அதனால் பலர் தப்பித்தார்கள். அதே 2015-ல் வாங்கப்பட்ட சன்ரைஸ் என்ற காலண்டர் 2016-லேயே போய்விட்டது. சன்ரைஸில் ஒரு நல்ல விஷயம், நிகழ்ச்சிகள் பெரும்பாலும் கூகுள் போன்ற கணக்குகளில்தான் இருந்தன. செயலி போனாலும் தரவு போகவில்லை.

ஆக, நிறுவுவதற்கு முன் பார்க்க வேண்டியது இதுதான்: காலண்டரை ஐசிஎஸ் கோப்பாகவும், காண்டாக்ட்டை விசிஎஃப் கோப்பாகவும் வெளியே எடுக்க முடிகிறதா? இந்த இரண்டும் எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்லாத பொது வடிவங்கள். 1990-களிலிருந்து இருக்கின்றன, இன்றும் எல்லோரும் படிக்கிறார்கள். செயலியின் அமைப்புகளில் 'எக்ஸ்போர்ட்' என்ற சொல்லே கண்ணில் படவில்லை என்றால் நான் அங்கேயே நிறுத்திக்கொள்வேன்.

கூகுளா, ஆப்பிளா, மைக்ரோசாஃப்ட்டா?

வீட்டில் ஆண்ட்ராய்டும் ஐஃபோனும் கலந்து இருந்தால் கூகுள். எல்லாரிடமும் ஐஃபோன், மேக் என்றால் ஐகிளவுட். அலுவலகம் முழுக்க அவுட்லுக்கில் ஓடுகிறது என்றால் அங்கே வேறு வழியில்லை. இதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஐஃபோனின் சொந்தக் காலண்டரில் கூகுள் கணக்கைச் சேர்த்தால் மாற்றங்கள் உடனுக்குடன் வராது. குறிப்பிட்ட இடைவெளியில் ஃபோன் போய்க் கேட்டு எடுத்துவரும். கம்ப்யூட்டரில் போட்ட சந்திப்பு ஃபோனில் தெரிய 15 நிமிடம், சிலசமயம் அதற்கும் மேல் ஆகலாம். உடனே தெரிய வேண்டும் என்றால் கூகுள் காலண்டர் செயலியையே ஐஃபோனில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டில் வேறு தொல்லை. சில ஃபோன்களின் பேட்டரி சேமிப்பு வசதி பின்னணி வேலைகளைக் கழுத்தைப் பிடித்து நிறுத்திவிடும். 'சிங்க் ஆகவே மாட்டேன் என்கிறது' என்று வரும் புகார்களில் பாதிக்கு நான் செய்வது, அந்தச் செயலிக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குவது மட்டும்தான்.

பெரிய கம்பெனிகளிடம் கொடுக்க மனமில்லை. வேறு வழி?

உண்டு, கொஞ்சம் கைவேலை ஆகும். நெக்ஸ்ட்கிளவுட் என்ற கட்டற்ற மென்பொருளை (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம்) சொந்த சர்வரிலோ வாடகை சர்வரிலோ நிறுவலாம். காலண்டரும் காண்டாக்ட்டும் மட்டும் போதும் என்றால் ரேடிகேல் இன்னும் எளிது, பழைய கம்ப்யூட்டர் ஒன்றிலேயே ஓடும்.

ஐஃபோன் கேல்டாவையும், காண்டாக்ட்டுக்கான கார்ட்டாவையும் நேராகவே புரிந்துகொள்ளும். ஆண்ட்ராய்டுக்கு அது தெரியாது. நடுவில் டேவ்எக்ஸ்5 என்ற செயலி வேண்டும். ப்ளே ஸ்டோரில் காசு, கட்டற்ற செயலிகளுக்கான கடையான எஃப்-ட்ராய்டில் இலவசம். கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் செயலி போதும். பழைய அவுட்லுக்கை விட முடியாதவர்களுக்கு அவுட்லுக் கேல்டாவ் சிங்க்ரனைசர் என்ற துணை நிரல் இருக்கிறது.

ஆனால் ஒன்று. சர்வர் உங்களுடையது என்றால் அதற்குக் காப்புப் பிரதி எடுக்க வேண்டியவரும் நீங்கள்தான். மின்சாரம் போய் டிஸ்க் கெட்டால் யாரிடமும் புகார் சொல்ல முடியாது. அதற்கு நேரமில்லாதவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

காலண்டர் ஒழுங்காக வருகிறது, பணிப்பட்டியல் மட்டும் ஏன் இப்படிப் படுத்துகிறது?

ஏனென்றால் காலண்டருக்கு இருக்கும் ஒற்றுமை இதற்கு இல்லை. பொது வடிவத்தில் பணிகளுக்கும் இடம் உண்டுதான். ஆனால் கூகுள் தன் கேல்டாவ் வழியில் பணிகளைத் தருவதில்லை, கூகுள் டாஸ்க்ஸை அதற்கென்று தனி வழியில்தான் எடுக்க வேண்டும். அந்த வழியிலும் தேதி மட்டும்தான் வெளியே வரும், நேரம் வராது. கூகுளில் 'மாலை 5 மணிக்கு மருந்து வாங்க' என்று போட்டுவிட்டு வேறு செயலியில் பார்த்தால் மருந்து இருக்கும், 5 மணி இருக்காது.

ஆப்பிள் ரிமைண்டர்ஸ் முன்பு கேல்டாவ் வழியில் பேசிக்கொண்டிருந்தது. 2019-ல் ஐஓஎஸ் 13 வந்தபோது ஐகிளவுட் பட்டியல்களைப் புது முறைக்கு மாற்றினார்கள், மாற்றியவர்களுக்கு வெளிச் செயலிகளோடு அந்த வழி அடைபட்டது.

எனவே பணிப்பட்டியலுக்கு, எல்லாச் சாதனத்துக்கும் தன் சொந்தச் செயலியையே தரும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் டூ டூ, டூடூயிஸ்ட் இரண்டும் அப்படி. நெக்ஸ்ட்கிளவுட் வைத்திருப்பவர்களுக்கு ஆண்ட்ராய்டில் டாஸ்க்ஸ்.ஆர்க் என்ற பணிப்பட்டியல் செயலி டேவ்எக்ஸ்5-உடன் நன்றாகவே ஒத்துப்போகிறது.

பெயர்களைத் தமிழில் சேமிக்கலாமா?

தாராளமாக. சர்வர்களுக்கு இப்போது தமிழ் ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை ஓரங்களில் இருக்கிறது.

முதலாவது, பழைய ஃபோனிலிருந்து விசிஎஃப் எடுக்கும்போது. பல ஃபோன்கள் இன்னும் 2.1 என்ற பழைய பதிப்பில்தான் எழுதுகின்றன. அதில் தமிழ் எழுத்து நேராகப் போகாது. 'க' என்ற ஒரு எழுத்து மூன்று பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு சமக்குறியும் இரண்டு குறிகளும், ஆக மொத்தம் 9 குறிகள். 'முருகேசன்' என்ற பெயரில் கொம்பு, புள்ளி எல்லாம் சேர்த்துக் கணினிக்கு 9 துண்டுகள், அதாவது 81 குறிகள். இந்த முறையிலோ ஒரு வரியில் 76-க்கு மேல் போகக் கூடாது. பெயர் இரண்டாவது வரிக்கு உடையும். படிக்கும் செயலி சரியாக எழுதப்படவில்லை என்றால் முதல் வரியோடு நின்றுவிடும். உங்கள் பட்டியலில் 'முருகே' என்று ஒருவர் நிற்பார். ஒரு முறை எங்கள் வீட்டில் இப்படிப் பாதிப் பெயரோடு நாற்பது பேர் வந்து நின்றார்கள். ஏற்றிய உடனே நீளமான பெயர்கள் நாலைந்தைத் திறந்து பாருங்கள். உடைந்திருந்தால், பழைய ஃபோனிலேயே கூகுள் கணக்கைச் சேர்த்து எண்களை அதற்கு நகர்த்தி சிங்க் செய்வது கோப்பு வழியைவிடப் பத்திரம்.

இரண்டாவது, எக்செல். காண்டாக்ட்டை சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக எடுத்து எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழ் கிறுக்கலாகத் தெரியலாம். அப்படியே 'சேவ்' அழுத்தினால் கிறுக்கல்தான் மிஞ்சும். லிப்ரே ஆஃபிஸிலோ கூகுள் ஷீட்ஸிலோ திறந்து, எழுத்துக் குறியீட்டு முறை கேட்டால் யூடிஎஃப்-8 என்று சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, கார். சில வண்டிகளின் திரையில் தமிழ் எழுத்துரு கிடையாது. அழைப்பது மாமியாரா மேனேஜரா என்று தெரியாமல் சதுரம் சதுரமாக வரும். எனக்கு இது சகஜமாகிவிட்டது. பிடிக்காதவர்கள் பெயருக்குப் பின்னால் ஆங்கில எழுத்திலும் சேர்த்து எழுதிக்கொள்ளலாம், தேடவும் வசதி.

இன்னொன்றும் உண்டு, இது நம்முடைய இனிஷியல் தகராறு. குடும்பப் பெயர் கட்டத்தை நாம் இனிஷியலுக்கோ அப்பா பெயருக்கோ பயன்படுத்துகிறோம். ஐஃபோன் இயல்பாகக் குடும்பப் பெயரை வைத்துத்தான் வரிசைப்படுத்தும். செல்வியைச் 'செ'யில் தேடினால் இருக்க மாட்டார், அவருடைய அப்பாவின் எழுத்தில் உட்கார்ந்திருப்பார். அமைப்புகளில் காண்டாக்ட் வரிசையை முதல் பெயருக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

நட்சத்திரப் பிறந்தநாள், திதி, அமாவாசை இதையெல்லாம் காலண்டரில் திரும்பத் திரும்ப வரும்படி போட முடியுமா?

நேராக முடியாது. காலண்டர் செயலிகளுக்குத் தெரிந்த திரும்புதல் எல்லாம் ஆங்கில மாதக் கணக்கு: தினம், வாரம், மாதம், வருடம். வேறு நாட்காட்டி முறைகளுக்கும் இடம் தர 2015-ல் ஆர்எஃப்சி 7529 என்ற இணையத் தர ஆவணத்தில் ஒரு நீட்டிப்பு வந்தது. ஆனால் அது நம் நட்சத்திரக் கணக்குக்கு உதவாது. நட்சத்திரம் 27 நாளுக்குச் சற்று மேல் ஒரு சுற்று, தமிழ் மாதம் 29 முதல் 32 நாள். ஒரே மாதத்தில் ஒரே நட்சத்திரம் இரண்டு முறை வந்து, எதைக் கொண்டாடுவது என்று வீட்டில் விவாதம் நடப்பதும் உண்டு. இதைச் செயலியிடம் எப்படிச் சொல்வது?

நான் செய்வது இதுதான். சித்திரைக்குப் புதுப் பஞ்சாங்கம் வந்ததும் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அந்த வருடத்துக்குரிய தேதிகளை 'குடும்பம்' என்ற தனிக் காலண்டரில் ஒரே மூச்சில் ஏற்றிவிடுவேன். தாத்தாவின் திதி, நான்கு நட்சத்திரப் பிறந்தநாள், ஆடி அமாவாசை, தை அமாவாசை. அரை மணி நேர வேலை. அந்தக் காலண்டரைத் தம்பி, தங்கை எல்லாரோடும் பகிர்ந்துவிட்டால், திதிக்கு முதல் நாள் துபாயில் இருக்கும் தம்பி ஃபோனிலும் மணி அடிக்கும்.

ராகு காலம் மட்டும் சுலபம். பொதுவாகச் சொல்லும் கணக்கில் அது கிழமையை ஒட்டியது: திங்கள் 7:30 முதல் 9, வெள்ளி 10:30 முதல் 12. வாரம் ஒருமுறை வரும் ஏழு நிகழ்ச்சிகளாகப் போட்டால் முடிந்தது. நான் ராகு காலம் பார்ப்பதில்லை, என்னிடம் வேலை கொடுப்பவர்கள் பார்க்கிறார்கள்.

மாதா மாதம் 31-ஆம் தேதி கட்ட வேண்டிய தவணைக்கு நினைவூட்டல் போட்டேன், சில மாதம் வரவில்லை.

பொது விதிப்படி, இல்லாத தேதி தாண்டப்படும். ஜூனில் 31 இல்லை, எனவே நினைவூட்டலும் இல்லை. அவுட்லுக் மட்டும் அதை மாதக் கடைசி நாளுக்கு இழுத்து வைக்கும். தவணை விஷயத்தில் 28-ஆம் தேதி என்று போட்டுவிடுங்கள். எந்தச் செயலியிலும் தப்பாது, அபராதமும் வராது.

வெளிநாடு போனால் நேரமெல்லாம் மாறிவிடுகிறதே?

சரியாகத்தான் மாறுகிறது. சென்னையில் இரவு 7 மணிக்குப் போட்ட அழைப்பு துபாயில் மாலை 5:30 என்று தெரிய வேண்டும். தொல்லை வருவது பிறந்தநாளை 'இரவு 12:00' என்று போட்டு வைத்திருப்பவர்களுக்கு. துபாயில் அது முதல் நாள் இரவு 10:30 ஆகிவிடும். பிறந்தநாள், விடுமுறை எல்லாவற்றையும் 'முழு நாள்' என்று போடுங்கள்.

எல்லாப் பெயரும் இரண்டு இரண்டாக வருகிறது.

ஒரே பட்டியல் இரண்டு வழியில் வருகிறது என்று அர்த்தம். ஐகிளவுட்டிலும் கூகுளிலும் ஒரே எண்கள் இருந்து, இரண்டு கணக்கும் ஃபோனில் திறந்திருக்கும். அல்லது அதே விசிஎஃப் கோப்பை இரண்டு முறை ஏற்றியிருப்பீர்கள். முதலில் ஒரு வழியை அடையுங்கள், அப்புறம் கூகுள் காண்டாக்ட்ஸில் இருக்கும் ஒன்றிணைக்கும் வசதியை ஓட்டுங்கள். வழியை அடைக்காமல் சுத்தம் செய்தால் மறுநாள் காலை மறுபடி இரண்டாக நிற்கும். எது எப்படியானாலும், தொடும் முன் ஒரு விசிஎஃப் பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.

தவறுதலாக அழித்துவிட்டேன். சிங்க்தான் இருக்கிறதே, திரும்ப வந்துவிடும் இல்லையா?

வராது. அழித்ததும் சிங்க் ஆகும். ஃபோனில் அழித்த அடுத்த நிமிடம் கம்ப்யூட்டரிலும் அது போயிருக்கும்.

ஆனால் 30 நாள் அவகாசம் உண்டு. கூகுள் காண்டாக்ட்ஸிலும் காலண்டரிலும் அழித்தவை 30 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும். காண்டாக்ட் பட்டியல் முழுவதையும் கடந்த 30 நாளுக்குள் ஒரு நேரத்துக்குத் திருப்பவும் முடியும். ஐகிளவுட் தளத்திலும் பழைய பிரதியை மீட்க இடம் வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் போனால், நீங்கள் எடுத்து வைத்த கோப்புதான் கதி. நான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மின் கட்டண நினைவூட்டலோடு சேர்த்து, ஐசிஎஸ், விசிஎஃப் இரண்டையும் எடுத்துப் பென் டிரைவில் போடுகிறேன்.

அலுவலகக் கணக்கை என் சொந்த ஃபோனில் சேர்க்கலாமா?

சேர்க்கும்போது வரும் அனுமதியைப் படித்துவிட்டு. எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்ட்டின் அலுவலக மின்னஞ்சல் சர்வர்) வகைக் கணக்குகளில், ஃபோனையே தூரத்திலிருந்து துடைத்துவிடும் அதிகாரத்தை நிர்வாகி கேட்கக்கூடும். வேலையை விடும் நாளில் குழந்தையின் படங்களும் சேர்ந்து போகலாம். ஆண்ட்ராய்டில் பணிக்கென்று தனிப் பகுதி அமைத்துத் தருகிறார்கள் என்றால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். இன்னொன்று, வீட்டு எண்களை அலுவலகக் கணக்கில் சேமிக்காதீர்கள். கணக்கு மூடிய அன்று அவையும் மூடும்.

குறிப்புகளுக்கு எது? காசு கொடுத்து வாங்கலாமா?

கடைச் சாமான் பட்டியல், வைஃபை கடவுச்சொல் அளவுக்குக் கூகுள் கீப் போதும். வருடக்கணக்கில் எழுதிச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் ஜாப்லின் பாருங்கள். கட்டற்ற மென்பொருள், ட்ராப்பாக்ஸ், ஒன்ட்ரைவ், நெக்ஸ்ட்கிளவுட் எதன் வழியாகவும் சிங்க் ஆகும், குறிப்புகளைச் சாதாரண உரைக் கோப்புகளாக வெளியே எடுக்கலாம்.

காசு கொடுப்பதில் தவறில்லை. இலவசம் என்று போனால் விதி நடுவில் மாறும். எவர்நோட் இலவசக் கணக்குகளை 2016-ல் இரண்டு சாதனமாகக் குறைத்தது, 2023 இறுதியில் 50 குறிப்பு, ஒரு நோட்டுப் புத்தகம் என்று ஆக்கியது. காசு கட்டுகிறீர்கள் என்றால், கட்டுவதை நிறுத்திய பிறகும் பழைய தரவைப் படிக்கவும் எடுக்கவும் விடுவார்களா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் ஏற்றிவிடலாமா?

பொறுங்கள், முதலில் ஐந்தே பதிவு. நீளமான தமிழ்ப் பெயரில் ஒரு காண்டாக்ட், இரண்டு எண்களோடு. வாராவாரம் வரும் ஒரு நிகழ்ச்சி, அதில் ஒரு வாரத்தை மட்டும் வேறு நாளுக்கு நகர்த்துங்கள். ஒரு முழு நாள் பிறந்தநாள். நேரத்தோடு ஒரு பணி. நாலு வரிக் குறிப்பு ஒன்று. ஐந்தும் கம்ப்யூட்டரில் அப்படியே வந்திருக்கிறதா பாருங்கள், குறிப்பாக நகர்த்திய அந்த வாரம். அப்புறம் ஃபோனை விமானப் பயன்முறையில் போட்டு, அந்தக் காண்டாக்ட்டின் எண்ணை ஃபோனில் ஒரு விதமாகவும் கம்ப்யூட்டரில் வேறு விதமாகவும் மாற்றிவிட்டு, இணைப்பைத் திருப்பிக் கொடுங்கள். எது நின்றது, எது போனது, ஏதாவது சொல்லிற்றா என்று பாருங்கள். கடைசியாக ஐந்தையும் எக்ஸ்போர்ட் செய்து, அழித்து, அந்தக் கோப்பிலிருந்து திரும்ப ஏற்றுங்கள். முக்கால் மணி நேரம் ஆகும். சித்தப்பாவை டைரி எண்களை ஏற்றவிட்டது இதற்குப் பிறகுதான்.